தன்வந்திரி பெயரால் வழங்கும் அம்மைப்பால் ஏடு

பெரியம்மைக்குக் காப்பாகப் பசுவின் மடியில் தோன்றும் அம்மைப்பாலைக் கையிற் கீறி ஏற்றும் முறையை எட்வர்டு ஜென்னர் என்னும் ஆங்கில மருத்துவர் கண்டறிந்து 1798இல் நூலாக வெளியிட்டார் என்பது மருத்துவ வரலாறு கூறும் செய்தி. அவர்க்குப் பன்னூறு ஆண்டுகட்கு முன்னரே இந்நாட்டார் அம்முறையை அறிந்திருந்தனர் என்றும், தன்வந்திரி இயற்றிய ‘சாக்தேய கிரந்தம்’ என்னும் நூலில் அது விளங்கக் கூறப்பட்டுள்ளது என்றும் மற்றொரு செய்தி நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. தடுப்பூசி பற்றிய வழக்காடல் நாட்டில் எழும்போதெல்லாம் இச்செய்தி தவறாது தலைகாட்டும். ஊசியை வேண்டுவோர், ‘இது நம் முன்னோர் கண்டது’ என்று இதனைக் காட்டுவர். மேனாட்டு மருத்துவத்தை வெறுப்போர், ‘நம்மிடமிருந்து கொண்டு சென்றதை நமக்கே விற்கின்றனர்’ என்று இதனையே காட்டுவர். இரு திறத்தார்க்கும் ஒருங்கே பயன்படும் சான்று ஒன்று உண்டாயின், அதனைச் சற்று நின்று நோக்குதல் ஆய்வாளர் கடமை.

இதனை நாம் ஆராயப் புகுந்தமைக்குக் காரணம் சிறியது. முதுகலை மாணவர் ஒருவர், தமிழ் மருத்துவ இலக்கியம் பற்றிய தம் கட்டுரையில் இச்செய்தியை ஐயமின்றி எழுதிக் கொணர்ந்தார். மேற்கோள் யாதென வினவினோம். அவர் அண்மையில் வெளிவந்த ஒரு நூலைக் காட்டினார். அந்நூலார் தமக்கு முந்திய ஒருவரைக் காட்டியிருந்தார். அவர் தமக்கு முந்திய மற்றொருவரை. இவ்வாறு படிப்படியாகப் பின்னோக்கிச் சென்றவிடத்து, வழி பனையேட்டில் முடியவில்லை; செய்தித்தாளில் முடிந்தது. 1819ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள் வெளிவந்த ‘மதராஸ் கூரியர்’ என்னும் சென்னை ஆங்கிலத் தாளில், ஒருவர் எழுதிய கடிதமே சாக்தேய கிரந்தத்தை உலகிற்கு அறிவித்தது. எழுதியவர் தம் பெயரை வெளியிடாது, ‘கல்வி விரும்போன்’ என்று பொருள்படும் தமிழ்ப் புனைபெயரை ஆங்கில எழுத்தில் இட்டுக்கொண்டார். அவ்வாண்டிலேயே இலண்டனில் வெளிவந்த ‘ஏசியாட்டிக் சர்னல்’ அதனை எடுத்துப் பதிப்பித்தது. பின்னர்ப் பிரெஞ்சு மருத்துவப் பேரகராதி ஒன்றிலும், ஜென்னரைப் பற்றியும் அம்மைப்பாலைப் பற்றியும் எழுந்த ஆங்கில நூல்களிலும் அஃது இடம்பெற்றது.

வரலாற்றில் நகைப்புக்குரிய ஓரிடம் இதன்பின் வருகின்றது. 1905இல் சென்னைக் கிண்டியில் கிங் நோய்த் தடுப்பு மருத்துவ நிலையம் திறக்கப்பெற்றது. மாகாணம் முழுமைக்கும் அம்மைப்பால் ஆக்கித் தந்த நிலையம் அது. திறப்பு விழாவில் ஆளுநர் ஆம்ப்தில் பிரபு பேசுகையில், பண்டை இந்தியர் பசுவின்வழி அம்மைப்பாலேற்றும் முறையை அறிந்திருத்தல் கூடும் என்றும், அதற்குத் தன்வந்திரி வாக்கு ஒன்று சான்று என்றும், இதனைத் தமக்குக் கூறியவர் கர்னல் கிங் என்றும் குறிப்பிட்டார். அடுத்த ஆண்டில் ஹர்பிலாஸ் சார்தா எழுதி வெளியிட்ட ‘இந்து சுபீரியாரிட்டி’ என்னும் ஆங்கில நூல் ஆளுநரின் இவ்வுரையை எடுத்தாண்டது. அன்றுமுதல் செய்திக்கு ஆளுநர் ஒருவரின் முத்திரையும் கிடைத்துவிட்டது. மாணவர் காட்டிய நூல்கள் பெரும்பாலும் இவ்வழி வந்தவையே. சென்னையிற் பிறந்த கடிதம் ஐரோப்பாவைச் சுற்றிச் சென்னைக்கே மீண்டு, எண்பத்தாறு ஆண்டுகளில் வேதவாக்காக முதிர்ந்துவிட்டது.

இனி நூலையே நோக்குவோம். சாக்தேய கிரந்தம் என்னும் பெயர், சக்தி வழிபாட்டினர்க்குரிய நூல் என்று பொருள்படும் பொதுப்பெயரேயன்றி ஒரு நூலுக்குரிய சிறப்புப்பெயர் போலத் தோன்றவில்லை. அதன் சுவடி யாதும் இதுகாறும் வெளிப்பட்டிலது. கிடைப்பவை கடிதத்தில் எடுத்துக்காட்டப்பெற்ற பகுதியும் அதன் மொழிபெயர்ப்புமே. சுவடி கிடையாமை ஒன்றே ஒரு நூலைப் பொய்யெனத் தள்ளப் போதாது என்பதைத் தமிழ் கற்பார்க்குக் கூறவேண்டுவதில்லை. இறந்துபட்ட தமிழ் நூல்களின் பட்டியல் நீளமானது. ஆதலின் அகச்சான்றே முடிவு கூறல் வேண்டும்.

அப்பகுதி கூறுவதன் சாரம் வருமாறு: பசுவின் மடியிலுள்ள கொப்புளத்து நீரையேனும், மனிதன் கையில் தோளுக்கும் முழங்கைக்கும் இடையே தோன்றிய கொப்புளத்து நீரையேனும் கூரிய கருவியின் நுனியில் எடுத்து, ஏற்போனது கையில் அதே இடத்திற் குருதி தோன்றுமளவு கீற வேண்டும். நீர் குருதியிற் கலக்க மெல்லிய காய்ச்சல் காணும். அச்சமில்லை, மருந்து வேண்டா, உணவு அவரவர் விருப்பப்படி. நன்கு முதிர்ந்த கொப்புளம் தெளிந்த நீருடையதாய்ச் செவ்வட்டம் சூழ்ந்து விளங்கும். அதன்பின் உயிருள்ளளவும் பெரியம்மை அச்சம் இல்லை.

இதனைப் பண்டை மருத்துவ நூல் ஒன்றின் மொழியாகக் கொள்வதற்குத் தடைகள் பல உள. வடமொழி மருத்துவ நூல்கள் அம்மையை ‘மசூரிகை’ என்னும் பெயரால் வழங்கும். சுசுருதத்தில் அது சிறுநோய்களுள் ஒன்றாகச் சுருங்கக் கூறப்படுகின்றது. மாதவர் செய்த நோய்நூல் அதற்குத் தனி இயல் வகுக்கின்றது. பதினாறாம் நூற்றாண்டைச் சார்ந்த பாவப்பிரகாசம் சீதளை என்னும் தெய்வத்தோடு அதனை இயைத்துப் பேசுகின்றது. இவற்றுள் ஒன்றேனும் பசுவின் கொப்புளத்தைக் குறித்திலது. நோயை முக்குற்றங்களின் கேட்டாலும் தெய்வச் சினத்தாலும் விளக்குவதே இந்நூல்களின் நெறி. மேற்காட்டிய பகுதியிலோ வளி, பித்தம், ஐயம் என்பவற்றின் மணமே இல்லை. பத்தியம் கூறாத மருத்துவ வாக்கும் இந்நாட்டில் அரிது.

பசுவின் மடியினின்று மட்டுமன்றி மனிதன் கையினின்றும் நீரை எடுக்கலாம் என்பது பின்னும் கருதத்தக்கது. கைவழிக் கையாக ஏற்றும் இம்முறை ஏன் எழுந்தது? பசுவின் அம்மை எங்கும் எக்காலத்தும் கிடைப்பதன்று. அம்மைப்பாலும் வெப்பத்தில் விரைவிற் கெடும். எனவே பால் ஏற்ற பிள்ளையின் கையினின்று ஏறத்தாழ எட்டாம் நாளில் நீர் எடுத்து அடுத்த பிள்ளைக்கு ஏற்றி, அச்சங்கிலி அறாமற் காத்தனர். வியன்னாவிலிருந்து கான்ஸ்டாண்டிநோபிள், பாக்தாத், பஸ்ரா வழியாக அம்மைப்பால் பம்பாய்க்கு வந்து சேர்ந்து, 1802ஆம் ஆண்டு சூன் 14ஆம் நாள் மூன்று வயதுப் பெண்குழந்தை ஒன்றுக்கு ஏற்றப்பெற்ற வரலாறும் இத்தகைய சங்கிலியின் வரலாறே. அவ்வாண்டிலேயே அது சென்னையையும் அடைந்தது. தன்வந்திரி வாக்கு எனப்படுவது காட்டும் முறை, ஜென்னர்க்குப் பின் எழுந்த இத்தேவையை முன்னரே அறிந்ததுபோல அமைந்திருக்கின்றது. கையில் இன்ன இடம் என்று வரையறுப்பதும், கொப்புளத்தைச் சூழும் செவ்வட்டத்தை வெற்றிக்கு அடையாளமாகக் கூறுவதும் அக்காலத்து அம்மைப்பால் மருத்துவர் கைக்கொண்ட பாடங்களே.

எனினும் இவற்றையெல்லாம் ஒருவர் மறுக்கலாம். உண்மை ஒன்றாயின், அதனை இரு நாட்டார் தனித்தனியே காணுதலும், கண்டதை ஒரே வகையாகக் கூறுதலும் இயலும் அன்றோ என அவர் வினவலாம். வினா நேரிதே. இதற்கு விடை, சுவடிகளை ஒப்பு நோக்கும் நம் துறையினர்க்கு நன்கு பழகிய ஒரு நெறியில் உள்ளது. இரண்டு ஏடுகள் சரியான பாடத்தில் ஒத்திருத்தல் அவற்றின் உறவுக்குச் சான்றாகாது. பிழையில் ஒத்திருத்தலே சான்றாகும். இங்கும் ஒரு பிழை உண்டு. ஒருமுறை அம்மைப்பால் ஏற்றினால் உயிருள்ளளவும் காப்பு என்று ஜென்னர் நம்பினார்; அவர் வழியினரும் தொடக்கத்தில் அவ்வாறே உறுதி கூறினர். அது தவறு. காப்பு ஆண்டுகள் செல்லச் செல்லத் தளரும். பால் ஏற்றப்பெற்றோரிடையே மீண்டும் அம்மை தோன்றக் கண்டபின், மறுமுறை ஏற்றுதல் இன்றியமையாதது என ஐரோப்பியர் சிறுகச் சிறுக உணர்ந்தனர். பிரஷ்யப் படையில் 1834இல் அது கட்டாயமாக்கப்பட்டது. பன்னூறு ஆண்டுகள் இம்முறையைக் கையாண்டு பழகிய நாட்டு மருத்துவர் நூல் ஒன்று உண்மையிலேயே இருந்திருப்பின், அப்பழக்கமே இப்பிழையை அவர்க்குக் காட்டியிருக்கும். ஜென்னரது நம்பிக்கையை அது சொல்லளவிலும் குறையாமல் தாங்கி நிற்பதொன்றே, அஃது 1798க்கும் 1819க்கும் இடையே பிறந்தது என்பதற்குப் போதிய சான்று என்பது எம் துணிபு.

அங்ஙனமாயின் ஆக்கியோன் யார்? இவ்விடத்தில் தமிழுலகம் நன்கறிந்த ஒருவரை நாம் எதிர்ப்படுகின்றோம். பிரான்சிஸ் வைட் எல்லிஸ், 1810 முதற் சென்னை மாவட்ட ஆட்சித்தலைவர். 1812இல் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தோன்றுதற்குக் காரணராய் நின்றவர். திருக்குறளின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்து விளக்கியவர். தென்னிந்திய மொழிகள் தனியோரினம் என்பதைக் கால்டுவெல்லுக்கு நாற்பதாண்டுகட்கு முன், 1816இலேயே எடுத்துக்காட்டியவர். அவர் அம்மைப்பால் பற்றி வடமொழியிற் செய்யுள் இயற்றிப் பழந்தாளில் எழுதுவித்து, தொன்மை வாய்ந்ததென மக்கள் நம்பும்படி விடுத்தார் என்று அடுத்த தலைமுறை ஆங்கிலேயரே எழுதிவைத்துள்ளனர். அன்றியும், அம்மைத் தெய்வத்திற்கும் தன்வந்திரிக்கும் இடையே நிகழும் உரையாடலாகக் கோவம்மையின் கதை ஒன்றையும் அவர் ஆக்கியிருந்தார். வடமொழி மருத்துவ நூல்களில் வல்ல தோமினிக் வுயாஸ்திக் 1987இல் வெளியிட்ட கட்டுரையில் இவற்றையெல்லாம் தொகுத்து ஆராய்ந்து, இதனை நன்னோக்கம் கொண்ட மோசடி என்று முடிவு கூறினார். எல்லிஸின் மொழிப்பணியை விரிவாக எழுதிய தாமஸ் திரௌத்மன் என்பாரும் 2006இல் வெளியிட்ட தம் நூலில் இக்கதையைக் குறித்துள்ளார். ‘கல்வி விரும்போன்’ எல்லிஸ்தாமா என்பதை உறுதி செய்யும் கையொப்பம் இல்லை. ஆயினும் அப்புனைபெயரின் தமிழ்ச்சுவையும், கடிதம் எழுந்த இடமும் காலமும் அவரையே சுட்டுகின்றன. கடிதம் வெளிவந்து இரு திங்கள் கழிந்து, 1819 மார்ச்சில், அவர் இராமநாதபுரத்தில் இறந்தார்.

இம்முயற்சி இவரொருவரது தனி நினைவும் அன்று. வங்காளத்திலும் அம்மைப்பாலுக்குச் சார்பாக வடமொழிப் பகுதி ஒன்று காட்டப்பெற்றது. அதனை 1804ஆம் ஆண்டு அறிக்கையில் ஷூல்பிரெட் என்னும் மருத்துவர் ஐயுற்று ஒதுக்கினார். தம் கட்சிக்கு உதவும் சான்றைத் தாமே ஐயுற்ற அம்மருத்துவரை நாம் பெரிதும் மதிக்கின்றோம்.

எல்லிஸின் உள்ளத்தை அறிதல் அரிதன்று. ஆண்டுதோறும் பெரியம்மை குழந்தைகளைக் கொண்டுசென்ற காலம் அது. கைக்கெட்டிய காப்பு ஒன்று இருக்க, மக்கள் அதனை ஏற்கத் தயங்கினர். மாரியின் முத்து என்று போற்றும் நோயை மனிதன் தடுப்பதா என்னும் அச்சம் ஒருபுறம். பசுவினின்று வருவது தூயது என்னும் நம்பிக்கை மறுபுறம். தாயே மருத்துவனுக்கு அருளிய கொடை இது என்று ஒரு கதை எழுதிவிட்டால் இரண்டும் ஒருசேரத் தீரும் என அவர் எண்ணியிருத்தல் வேண்டும். தன்வந்திரியைத் தெரிந்தெடுத்ததும் நுட்பமானதே. வடநூல் மரபில் அவர் மருத்துவத்தின் முதலாசிரியர், தமிழ்ச் சித்தர் வரிசைகள் சிலவற்றிலும் அவர் பெயர் உண்டு. குறள் கற்ற எல்லிஸ், வாய்மை அதிகாரத்தில் நன்மை பயக்கும் பொய்யைப் பற்றி வள்ளுவர் கூறியதை அறியாதவர் அல்லர். ஆனால் அந்நன்மை குற்றமற்றதாதல் வேண்டும் என்னும் கட்டுப்பாடும் அக்குறளிலேயே உண்டு.

பிழை எங்கே எனின், மக்களின் மறுப்புக்குக் காரணம் நூற்சான்றின்மையே என்று கொண்டதில்தான். அக்காலத்து அம்மைப்பாலை ஐயுறுதற்கு அவர்களிடம் வேறு காரணங்களும் இருந்தன. கோடையில் பால் கெட்டுப் பயனின்றி ஒழிந்தது. குத்தியும் பற்றாத கைகள் பல. பற்றிய பிள்ளையின் கொப்புளத்தை எட்டாம் நாளில் மீண்டும் கீறி நீர் எடுக்கத் தாய்மார் உடன்படவில்லை. எக்குடிப் பிள்ளையின் உடல்நீர் எக்குடிப் பிள்ளையின் உடலிற் புகுகின்றது என்னும் வினா அன்றைய சமுதாயத்தில் எளிதிற் கடக்கத்தக்கதன்று. கைவழி ஏற்றுதலால் வேறு நோய்கள் தொற்றுதலும் உண்டு என்பதைப் பின்னர் மருத்துவரே ஒப்புக்கொண்டனர். பால் ஏற்றியவர்க்கும் சில ஆண்டுகளில் அம்மை வந்ததைக் கண்டோர், ‘உயிருள்ளளவும் அச்சமில்லை’ என்ற தன்வந்திரி வாக்கை என்னென்று கருதியிருப்பர்? அம்மைப்பால் உயிர்காத்தது உண்மை. அதன் குறைகளும் உண்மை. குறைகளைக் கூறித் தெளிவிக்க வேண்டியவிடத்து, ஏட்டைக் காட்டி நம்புவிக்க முயன்றனர்.

இப்பொய்யால் நேர்ந்த மற்றோர் இழப்பு, உண்மை மறைந்தது. இந்நாட்டில் அம்மைக்கு எதிரான செய்முறை ஒன்று மெய்யாகவே இருந்தது. பெரியம்மைக் கொப்புளத்தின் பொருளையே சிறிதளவு உடலில் ஏற்றி, மெலிந்த நோயை வருவித்து, கொடிய நோயைத் தவிர்க்கும் முறை அது. வங்காளத்தில் அந்தணருள் ஒரு சாரார் ஆண்டுதோறும் அம்மைப் பருவத்திற்கு முன்னே ஊர்ஊராகச் சென்று, முந்திய ஆண்டு சேர்த்துவைத்த பொருளைக் கங்கைநீர் தோய்ந்த பஞ்சில் ஈரமாக்கிக் கையில் ஏற்றியதையும், அவர்கள் விதித்த பத்தியத்தையும், குளிர்நீராட்டையும் ஹால்வெல் என்பார் 1767இல் இலண்டன் மருத்துவக் கல்லூரியினர்க்கு விரிவாக எழுதினார். ஜென்னருக்கு முப்பது ஆண்டுகட்கு முந்திய சான்று; எழுதியவர் பெயரும் ஆண்டும் உடைய சான்று. இம்முறையில் ஏற்றப்பெற்றோருள் நூற்றுக்கு ஒருவர் இருவர் இறப்பர். தானே வந்த பெரியம்மையிலோ நூற்றுக்கு இருபது முப்பதின்மர் இறப்பர். நாட்டு மருத்துவர் ஆய்ந்து கண்ட அறிவு எனப் பெருமை கொள்ளத்தக்கது இதுவே. தென்னாட்டில் இது பரவியிருந்ததற்குச் சான்று குறைவு என்பதையும் உடன் சொல்லிவிடல் நேர்மை.

இவ்விரண்டு முறைகளையும் ஒன்றெனக் கொண்டு மயங்குதற்குத் தமிழ்ச் சொல்லும் ஓரளவு துணைசெய்தது. ‘அம்மை குத்துதல்’ என்னும் தொடர், ஏற்றப்படும் பொருள் மனிதனுடையதா பசுவினுடையதா என்பதைத் தெரிவிப்பதன்று. ‘நம் முன்னோர் அம்மை குத்தினர்’ என்று ஒருவர் கூறின் அது வங்காளத்தைப் பற்றிய அளவில் உண்மை. அதனைக் கேட்டவர் பசுவம்மைப்பால் என உணரின் பொய். மருத்துவச் செய்திகள் பலவற்றில் நேரும் மயக்கம் இவ்வகையினது. சொல் ஒன்றாய் நிற்கப் பொருள் இடையில் மாறிவிடுகின்றது.

2020இல் கொரோனாத் தொற்றுப் பரவிய காலத்தில் கபசுரக் குடிநீர் தமிழ்நாடெங்கும் வழங்கப்பெற்றது. அதன் மருத்துவப் பயனை அளக்கும் தகுதி நமக்கு இல்லை. அது நோயாளரிடை ஆய்ந்தறிய வேண்டியது. ஆயின் அக்காலத்து, ‘ஏட்டில் உள்ளது’ என்பதே ஆய்வுக்கு மாறாக நிற்கக் கண்டோம். ஏட்டில் உளதா, எவ்வேட்டில், எக்காலத்து ஏட்டில், எப்பாடத்தில் என்று வினவும் பொறுப்பேனும் தமிழ்த் துறையினர்க்கு உண்டு. அகத்தியர், போகர், தேரையர் பெயர்களால் வழங்கும் மருத்துவப் பாடல்களுள் பல மிகப் பிற்காலத்தன என்பது நாம் அறிந்ததே. அவை மரபினுள் நின்று முன்னோர் பெயரைத் தாங்கியவை. எவரையும் ஏமாற்ற எழுந்தவை எனல் ஆகாது. எல்லிஸின் ஏடு அவ்வகையினது அன்று. வேறுபாடு நுண்ணியதாயினும் காக்கத்தக்கது.

இராயப்பேட்டைக் கல்வெட்டு ஒன்றையும் இவ்விடத்துக் குறித்தல் வேண்டும். 1818இல் சென்னையில் நீர்ப்பஞ்சம் நேர்ந்தபோது எல்லிஸ் கிணறுகள் அகழ்வித்தார். அவற்றுள் ஒன்றன் அருகே நிறுத்திய கல்லில், தமிழ்ச் செய்யுளில் தம் பெயரும் ஆண்டும் விளங்கப் பொறித்து, ‘நாடு’ என்னும் அதிகாரத்துக் குறளொன்றையும் மேற்கோளாக வெட்டுவித்தார். மக்கள் நலம்பற்றி அவர் விடுத்த இவ்விரு முயற்சிகளுக்கும் இடையே ஓராண்டுக்காலந்தானும் இல்லை. கல்லில் தம் பெயரை மறைக்கவில்லை. நீரை வேண்டியவர்க்கு நூற்சான்று காட்டி நம்புவிக்கவும் நேரவில்லை.

பெரியம்மை இந்தியாவில் 1975 மே மாதத்தோடு ஒழிந்தது. உலகினின்றே நீங்கியதாக 1980இல் உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்தது. தன்வந்திரி ஏடு மட்டும் ஒழியவில்லை. நம் மாணவரும் அச்செய்தியைத் தம் கட்டுரையினின்று நீக்கிவிடவில்லை. ‘சென்னை, 1819’ என்று இடமும் காலமும் இட்டு, பண்டை மருத்துவ நூல்கள் என்னும் இயலிலிருந்து எடுத்துப் பத்தொன்பதாம் நூற்றாண்டு எழுத்துகள் என்னும் இயலில் வைத்தார்.